பாக்கெட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆவணப்படம் திரையிட்ட பிறகு கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காகப் பேச்சு நடையிலேயே தரப்படுகிறது.)



படம் பார்த்தோம். படத்தில் பேசினது தெலுங்கு. நடுவில் நடுவில் நிறுத்தி நான் தமிழில் சொன்னேன். ஆனாலும் பாதி இடத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே உங்களுக்குப் புரிந்துவிட்டது. காய் உதிர்ந்து கிடந்த பருத்திச் செடியைக் காட்டினபோது பின்வரிசையிலிருந்து "அய்யய்யோ" என்று ஒரு சத்தம் வந்ததே, அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குப் பருத்தியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'ஆவணப்படம் பார்த்தால் நாம் கடையில் பொருள் வாங்குகிற பழக்கம் மாறுமா?' என்பது. மாறும், எல்லோரும் படம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். அது பாதி உண்மைதான். மாறுவதும் உண்டு, மாறாமல் போவதும் உண்டு. மாறாமல் போனது ஏன் என்பதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசப் போகிறேன்.

ஐம்பது வயது தாண்டினவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டூரிங் கொட்டகையில் படம் ஆரம்பிப்பதற்கு முன்னால் 'செய்திப்படம்' என்று ஒன்று ஓடும். கருப்பு வெள்ளையில் அணை கட்டுவார்கள், மந்திரி ரிப்பன் வெட்டுவார், வெள்ளத்தில் ஹெலிகாப்டர் பறக்கும். ஆம்பளைகள் எழுந்து பீடி குடிக்க வெளியே போவார்கள். நம்ம ஆட்கள் பிள்ளைக்கு முறுக்கு வாங்கப் போவார்கள். அந்தப் படங்களை எடுத்தது பிலிம்ஸ் டிவிஷன் என்ற மத்திய அரசு அமைப்பு. 1948ல் தொடங்கியது. 2022ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு அதை இணைத்துவிட்டார்கள். அரசாங்கம் நமக்குச் சொல்ல நினைத்ததைச் சொன்ன படங்கள் அவை.

டி.வி.யில் வருகிற விளம்பரமும் ஒரு வகைப் படம்தான். அரை நிமிஷம் ஓடும். அது விற்கிறவர் எடுத்த படம். அதில் பொருளைப் பற்றி ஒரு குறையாவது சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? சோப்பு விளம்பரத்தில் வருகிற மாமியார் மருமகளைத் திட்டக்கூட மாட்டார்.

இன்றைக்குப் பார்த்தது மூன்றாவது வகை. பொருளை வாங்கினவரிடம் போய், "வாங்கினீங்களே, எப்படி இருக்கு?" என்று கேட்டு எடுத்த படம். இதை யார் எடுத்தார்கள் என்று நீங்கள் கேட்டதற்கு, முடியட்டும் சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன்.

எடுத்தவர்கள் உங்களைப் போன்ற பெண்கள்தான். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கத்தில் பஸ்தாபூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் 1983லிருந்து பெண்களைச் சங்கங்களாகச் சேர்த்து வேலை செய்கிறது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பி.வி. சதீஷ். 2023ல் காலமானார். சங்கத்தில் இருக்கிற பெண்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் செம்மண் நிலம், கம்பு, சோளம், துவரை. பலர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்கள். அவர்களில் சிலருக்கு 1990களின் கடைசியில் வீடியோ கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கை நடுங்கியது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். நாற்று நடுகிற கைக்குக் கேமரா என்ன பெரிய கனமா? கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

அவர்கள் கேமராப் பாடத்தைத் தங்கள் பாஷைக்கு மாற்றிக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கேமராவை மேலே வைத்து ஆளைக் கீழே பார்த்து எடுத்தால் அதற்கு 'பட்டேல் ஷாட்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே பட்டேல் என்றால் ஊர்ப் பெரிய நிலக்காரர். அவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கீழே நிற்கிறவரைப் பார்க்கிற பார்வை அது. கண்ணுக்கு நேராக, சமமாக வைத்து எடுத்தால் அதற்குப் பெயர் 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லோரும் ஒரே பாயில், ஒரே மட்டத்தில் உட்காருகிறார்கள் அல்லவா, அதனால். இன்றைக்குப் பார்த்த படத்தில் விவசாயி பேசும்போது கேமரா அவர் கண்ணுக்கு நேராகவே இருந்தது. கவனித்தீர்களா?

இப்போது படத்தின் கதைக்கு வருவோம். 2002 மார்ச்சில் மத்திய அரசு பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தது. மண்ணில் இருக்கிற ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் ஏற்றியிருப்பார்கள். அந்தச் செடியைத் தின்கிற காய்ப்புழு செத்துப்போகும், அதனால் மருந்துச் செலவு மிச்சம் என்பது கணக்கு. மஹிகோ மான்சாண்டோ நிறுவனம் முதலில் மூன்று ரகங்களைக் கொண்டுவந்தது. 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய். அப்போது சாதாரண ஒட்டு விதை விற்ற விலைக்கு மூன்று மடங்குக்கு மேல். இன்னொன்றும் மறக்கக் கூடாது. அது ஒட்டு விதை. அறுத்ததிலிருந்து எடுத்து வைத்து அடுத்த வருஷம் போட முடியாது. வருஷா வருஷம் கடைக்குப் போகணும்.

வாரங்கல் பருத்திக்குப் பேர்போன மாவட்டம். ஜஹீராபாத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தச் சங்கத்துப் பெண்கள் அங்கே போனார்கள். ஒரே ஒரு தடவை போய், நாலு பேரைப் பேசவைத்து, திரும்பி வந்துவிடவில்லை. செடி சின்னதாக இருக்கும்போது போனார்கள், பூ வைத்தபோது போனார்கள், எடுப்பு முடிந்த பிறகும் போனார்கள். அதே ஊர், அதே விவசாயிகள். முதலில் நம்பிக்கையோடு பேசினவரே கடைசியில் என்ன சொல்கிறார் என்பதை நீங்களே பார்த்தீர்கள். காய் சீக்கிரம் உதிர்கிறது, மகசூல் குறைவு, பஞ்சு நீளம் போதாது என்று விலையும் குறைகிறது, மருந்தும் அடிக்க வேண்டியிருக்கிறது. அதுதான் 2003ல் வந்த இந்தப் படம். வாரங்கல் விவசாயிகளுக்கு பி.டி. பருத்தி மேல் ஏன் கோபம் என்பதுதான் தலைப்பு. அதோடு நிற்காமல் அடுத்த இரண்டு வருஷமும் போய்ப் பார்த்து 2005ல் இன்னொரு படம் எடுத்தார்கள். விஞ்ஞானிகள் இரண்டு பேர் நூற்றுக்கணக்கான விவசாயிகளிடம் வரவு செலவுக் கணக்கு எடுத்துத் தனியாக அறிக்கையும் கொடுத்தார்கள். படமும் கணக்கும் கைகோத்துப் போயின.

படத்துக்கு என்ன பலன் கிடைத்தது?

2005ல் மத்திய அரசின் அனுமதிக் குழு, அந்த மூன்று ரகங்களையும் ஆந்திராவில் விற்க அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. 2006ல் ஆந்திர அரசு விதை விலை அநியாயம் என்று வழக்குக்குப் போனது. பாக்கெட் 750 ரூபாய்க்கு இறங்கியது. படம் ஒன்றால்தான் இதெல்லாம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். விவசாயச் சங்கங்கள் போராடின, பத்திரிகைகள் எழுதின, அரசாங்கத்தின் கையிலும் புகார்கள் இருந்தன. ஆனால் வாரங்கல் வயலில் நடந்ததை வயலிலிருந்தே மாதா மாதம் காட்டினது இந்தப் பெண்கள்தான்.

சரி, ஜனங்கள் பி.டி. விதை வாங்குவதை நிறுத்திவிட்டார்களா?

இல்லை. இன்றைக்கு இந்தியாவில் பருத்தி போடுகிற நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பி.டி. பருத்திதான். நம்ம வேப்பூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர்ப் பக்கம் மானாவாரிக் கரிசலில் நிற்பதும் பெரும்பாலும் அதுதான். இதை மறைத்துவிட்டு, படம் வந்தது, எல்லாம் மாறியது என்று உங்களிடம் சொல்வது நியாயம் இல்லை.

ஏன் நிறுத்தவில்லை? இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. முதலாவது, பிறகு வந்த ரகங்களில் பச்சைக் காய்ப்புழு நிஜமாகவே குறைந்தது. பல பேருக்கு வருமானமும் வந்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. வாங்குகிறவர் முட்டாள் இல்லை. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கடையில் வேறு விதையே இல்லாமல் போனது. படம் பார்த்து மனசு மாறி, "பி.டி. இல்லாத விதை கொடுங்க" என்று கேட்கப் போனால், "அதெல்லாம் இப்ப யாரும்மா விக்கிறாங்க?" என்பதுதான் பதில். மனசு மாறி என்ன பிரயோஜனம்?

அதே சமயம் படம் எடுத்த பெண்களின் ஊரைப் பாருங்கள். அங்கே சங்கத்தின் விதை வங்கி இருக்கிறது. கூடையில் சாம்பலும் வேப்பிலையும் போட்டு, கம்பு, சோளம், தினை, துவரை, கொள்ளு என்று பத்துப் பதினைந்து வகை விதையை ஒரே வீட்டில் வைத்திருப்பார்கள். ஒருத்தி வாங்கினால் அடுத்த வருஷம் அளவுக்கு மேல் திருப்பித் தரணும். நம்ம உள்கடன் மாதிரியே, பணத்துக்குப் பதில் விதை. பொங்கல் சமயத்தில் மாட்டு வண்டியில் விதைகளை அலங்கரித்து ஊர் ஊராகக் கொண்டு போவார்கள். 2008லிருந்து அவர்களே ரேடியோ நிலையமும் நடத்துகிறார்கள். 2019ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசும் கிடைத்தது. அந்த ஊர்ப் பெண்கள் கம்பெனி விதை வேண்டாம் என்று சொன்னால், அவர்கள் வீட்டில் போட வேறு விதை இருக்கிறது. வாரங்கல்காரருக்கு இருக்கவில்லை.

இதை நம்ம பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். பி.டி.க்குள்ளேயே இப்போது இளஞ்சிவப்புக் காய்ப்புழு வந்துவிட்டது. மருந்து திரும்பவும் ஏறுகிறது. 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்ததை டி.வி.யில் பார்த்தோம். அதே வருஷம் நம்ம பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். பருத்தி வேண்டாம் என்று மக்காச்சோளம் போனால் 2018ல் படைப்புழு வந்து தின்றது. அதுவும் கம்பெனி விதைதான்.

இங்கே உங்களிடம் நேராகவே ஒன்று கேட்கிறேன். 'வாங்கும் பழக்கம்' என்றதும் நம்ம மனசில் வருவது என்ன? புடவை, வளையல், சந்தைக்கடை, பிள்ளைகளுக்குப் பிஸ்கட். பொம்பளைங்க செலவாளி என்று ஒரு பேச்சு வேறு. உண்மையில் நம்ம வீட்டில் வருஷத்திலேயே பெரிய கொள்முதல் எது? ஆவணி, புரட்டாசியில் விதை, உரம், மருந்து. தீபாவளித் துணி அதன் பக்கத்தில்கூட வராது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? குழுக் கடன். உங்கள் பெயரில் எடுத்தது, உங்கள் கையெழுத்து, தவணை கட்டுவது நீங்கள். கடைக்குப் போவது யார்? வீட்டுக்காரர், இல்லை மகன். எந்தப் பாக்கெட் என்று முடிவு செய்வது யார்? பெரும்பாலும் கடைக்காரர். "இதான் இந்த வருஷம் நல்லா ஓடுது" என்பார். முடிந்தது. களை எடுப்பதும் பருத்தி எடுப்பதும் திரும்ப நாம்தான். நடுவில் அந்தக் கடைப் படியில் மட்டும் நாம் இல்லை.

அதனால் சொல்கிறேன், இந்தப் படத்தை வீட்டுக்காரரோடு சண்டை போடப் பயன்படுத்தாதீர்கள். கடைக்குக் கூடப் போவதற்குப் பயன்படுத்துங்கள். போனால் என்ன பார்ப்பது?

விதைப் பையில் அட்டை இருக்கும். நீல அட்டை என்றால் அரசாங்கம் சான்று கொடுத்த விதை. பச்சை அட்டை என்றால் 'உண்மை நிலை விதை'. அதன் தரத்துக்கு விற்கிறவர்தான் பொறுப்பு. அதில் முளைப்புத் திறன், சோதனை செய்த தேதி, எந்தத் தேதி வரைக்கும் விதைக்கலாம் என்பது எல்லாம் இருக்கணும். குவியல் எண் என்று ஒன்று இருக்கும், அது பில்லிலும் எழுதியிருக்கணும். பி.டி. பருத்தி விதைக்கு 2016லிருந்து மத்திய அரசே உச்ச விலை வைக்கிறது. பாக்கெட் மேல் அச்சிட்ட விலைக்கு மேலே ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. "டிமாண்டு" என்று அவர் சொன்னால் அந்த டிமாண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மருந்து டப்பாவில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதில் கீழ்ப் பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அதற்கு அடுத்தது மஞ்சள், அதற்கும் அடுத்தது நீலம், கடைசி பச்சை. பச்சை என்றாலும் மருந்துதான், சர்பத் இல்லை. படிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான் அந்த நிறத்தையே வைத்தார்கள். ஆனால் டப்பாவைத் திருப்பிக் காட்டி அதைச் சொல்லித்தர எந்தக் கடைக்காரருக்கு நேரம் இருக்கிறது? எலி மருந்துப் பசையும் ஒரு காலத்தில் பெட்டிக்கடையிலேயே கிடைத்தது. எத்தனை குடும்பத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோனது என்று உங்களுக்குத் தெரியும். அந்த மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழக அரசு தடை செய்துவிட்டது. எங்காவது கண்ணில் பட்டால் குழுவில் சொல்லுங்கள்.

பில் வாங்குவதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். விதை முளைக்காமல் போய் ஆந்திர விவசாயிகள் சிலர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விற்றது அரசாங்கத்தின் தேசிய விதைக் கழகம். விவசாயி நுகர்வோரே கிடையாது, அவர் வியாபாரத்துக்கு வாங்குகிறார் என்று எதிர்த் தரப்பு வாதாடியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விதை வாங்குகிற விவசாயியும் நுகர்வோர்தான் என்று தீர்ப்பு சொன்னது. இப்போது 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பில்லும் அட்டையும் காலிப் பாக்கெட்டும் இல்லாமல் அங்கே போனால் வக்கீல்கூட உட்காரச் சொல்ல மாட்டார்.

பெரிய செலவு ஆச்சு. சின்னச் செலவு ஒன்றுக்கு வருகிறேன். சின்னப் பெண்கள் சிரிக்கக் கூடாது.

மாதவிலக்குத் துணி, நாப்கின். இதை வாங்குவதை ஒரு படம் எப்படித் தொட்டது என்று பாருங்கள். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் தன் மனைவி பழைய துணியை ஒளித்து எடுத்துப் போவதைப் பார்த்து, விலை குறைந்த நாப்கின் செய்ய மெஷின் கண்டுபிடித்தார். பெரிய கம்பெனிக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கே கொடுத்தார். 2016ல் பத்மஸ்ரீ வாங்கினார். டெல்லிக்குப் பக்கத்தில் ஹாப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் அந்த மெஷினை வைத்து, அங்கத்துப் பெண்கள் வேலை பழகுவதை 26 நிமிஷப் படமாக எடுத்தார்கள். அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்து மாணவிகள் அதற்குப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் படம் 2019ல் ஆஸ்கர் விருது வாங்கியது. படத்தின் ஆரம்பத்தில் மாதவிலக்கு என்றால் என்ன என்று கேட்டால் பையன்கள் ஏதோ வியாதி என்கிறார்கள், பெண்கள் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். பிறகு அதே ஊர்ப் பெண்கள் நாப்கின் செய்து, பெயர் வைத்து, வீடு வீடாகப் போய் விற்கிறார்கள்.

இங்கே நடந்தது வாரங்கலுக்கு நேர் எதிர். முதலில் பொருள் கையில் வந்தது. விற்க வந்தவள் பக்கத்து வீட்டுக்காரி. ஆம்பளைக் கடைக்காரரிடம் வாய் திறந்து கேட்டு, அவர் பேப்பரில் சுற்றிக் கருப்புக் கவரில் போட்டுத் தருகிற அவஸ்தை இல்லை. அதனால் பழக்கம் மாறியது. நம்ம தமிழ்நாட்டில் 2012ல் 'புதுயுகம்' திட்டம் வந்து கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் கொடுத்தபோதும் அதுதான் நடந்தது. படம் பார்த்த பிள்ளைகளைவிட, கையில் பொருள் கிடைத்த பிள்ளைகள் சீக்கிரம் மாறினார்கள். துணியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்லாத் துவைத்து வெயிலில் காயப்போட்ட பருத்தித் துணி ஒன்றும் குறைந்ததில்லை. ஒளித்து இருட்டில் காயப்போடுவதுதான் ஆபத்து.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஆவணப்படத்தில் வருவது எல்லாம் வேதவாக்கு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். அமெரிக்காவில் மார்கன் ஸ்பர்லாக் என்பவர் முப்பது நாள் மூன்று வேளையும் மெக்டொனால்ட்ஸ் கடைச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டு, உடம்பு என்ன ஆகிறது என்று படம் எடுத்தார். 2004ல் வந்தது. பதினோரு கிலோ கூடினார், கல்லீரல் கெட்டது என்று டாக்டர் பயப்படுவதைக் காட்டினார். அந்த வருஷமே அந்தக் கம்பெனி 'சூப்பர் சைஸ்' என்ற பெரிய அளவுப் பொட்டலத்தை நிறுத்துவதாக அறிவித்தது. படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொல்லிக்கொண்டது. ஊரே அந்தப் படத்தை நம்பியது. 2017ல் அந்த மனுஷனே, பல வருஷமாகத் தனக்குக் குடிப் பழக்கம் விடவில்லை என்று எழுதினார். அப்படியானால் கல்லீரல் எதனால் கெட்டது? பொரித்த உருளைக்கிழங்காலா, குடியாலா? பாக்கெட் உணவு நல்லது என்று இதற்கு அர்த்தம் இல்லை. படம் எடுத்தவர் எதைக் காட்டாமல் விட்டார் என்றும் கேட்கணும் என்று அர்த்தம்.

இன்றைக்குப் பார்த்த படத்தையும் அப்படிக் கேளுங்கள். அதில் பேசினவர்களில் பெரும்பாலோர் நஷ்டப்பட்டவர்கள். நாலு பேர் லாபம் எடுத்திருந்தால் அவர்கள் எங்கே? நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் பிளாஸ்டிக் அரிசி, பிளாஸ்டிக் முட்டை என்று வீடியோ வந்ததும் கடைக்குப் போகவே பயந்தோமே, யார் எடுத்தது, எந்த ஊர், எந்தத் தேதி என்று ஒருத்தராவது கேட்டோமா? வாரங்கல் படத்தில் ஊர் பெயர் இருக்கிறது, விவசாயி முகம் இருக்கிறது, மாதா மாதம் திரும்பப் போனது இருக்கிறது. அதனால் அதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

ஒரு அக்கா கேட்டார்கள், "இதெல்லாம் சரி மேடம், வேற விதைக்கு எங்க போறது?" என்று. கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பஸ்ஸில் போய் இறங்கிக் கேட்கிற தூரம். பல்கலைக்கழகம் கோ 17 போன்ற பி.டி. இல்லாத ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது. அவை ஒட்டு விதை இல்லை, ரகம். நல்ல செடியாகப் பார்த்து விதை எடுத்து வைத்து அடுத்த வருஷம் போடலாம். நம்ம மண்ணுக்கு, நம்ம மழைக்கு எப்படி வரும் என்று நான் இங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதனால் கூட்டமைப்பு நிர்வாகிகளோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். விருப்பமுள்ள குழுக்கள் இந்தப் பருவத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் மட்டும் வேறு ரகம் போடலாம். பக்கத்திலேயே வழக்கமான பி.டி.யும் இருக்கட்டும். விதை, உரம், மருந்து, கூலி, எடுப்பு, விற்ற விலை எல்லாவற்றையும் இரண்டுக்கும் தனித்தனியாக நோட்டில் எழுதணும். எழுதத் தெரியாதவர்களுக்குக் குழுவின் கணக்காளர் எழுதித் தருவார். மாதம் ஒரு தடவை, ஒரே இடத்தில் நின்று, உங்கள் செல்போனிலேயே அந்த இரண்டு துண்டு நிலத்தையும் வீடியோ எடுக்கணும். எடுக்கும்போது தேதியையும் ஊரையும் வாயால் சொல்லுங்கள். கேமராவைச் செடி உயரத்துக்குக் குனிந்து பிடியுங்கள், பட்டேல் ஷாட் வேண்டாம். மாசி மாதம் எடுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து இதே கூடத்தில் போட்டுப் பார்ப்போம். லாபம் வந்தவர், நஷ்டப்பட்டவர் இரண்டு பேரும் பேசணும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரே ஒரு வேலை. போன வருஷம் போட்ட விதையின் காலிப் பாக்கெட், அட்டை, பில் வீட்டில் எங்காவது இருக்கும். பரணில், தகரப் பெட்டியில், அவர் சட்டைப் பையில். தேடி எடுத்து வாருங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள், எத்தனை பேரிடம் இல்லை என்பதும் ஒரு கணக்குதான். நாப்கின் படம் அன்றைக்குத்தான் போடப் போகிறோம். ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஏழு மணி கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பையன்கள் வந்தாலும் விரட்ட வேண்டாம், பின்னால் இடம் இருக்கிறது.